இரண்டாம் ரவுண்டில் வெட்டிய பெயர்

இடது கையில் உளி. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அதைப் பிடித்திருக்க, நடுவிரல் பித்தளை அண்டாவின் தோள்மேல் ஊன்றி வழி காட்டியது. வலது கையில் எலுமிச்சங்காய் அளவுத் தலை கொண்ட சுத்தியல். அது ஓங்கவில்லை, மணிக்கட்டிலிருந்து மட்டும் ஆடியது. டிக், டிக், டிக். ஒரு தட்டுக்கு ஒரு புள்ளி. புள்ளிக்குப் புள்ளி உளி நெல்மூக்கு அளவு நகர்ந்தது. அப்படி நூறு புள்ளி சேர்ந்தபோது ஒரு ‘ஆ’ ஆயிற்று. அதன் சுழி எங்கும் உடையாமல், கோலத்தின் கம்பி போல ஒரே ஓட்டமாகச் சுற்றி வந்து நின்றது.

அண்டாவின் மேல் நிழல் விழுந்தது. கை நிற்கவில்லை.

“வே கோமதிநாயகம், நான் வந்து நிக்கது காதுல விழலையா?”

“நல்லா விழுது. காதால நான் வெட்டலையே, சொல்லும்.”

வந்தவர் துரைப்பாண்டி. கடலை மண்டி வைத்திருப்பவர். சங்கரன்கோவில் தேகப்பயிற்சிக் கழகத்துக்குச் செயலாளர். கக்கத்தில் செய்தித்தாள் சுற்றிய பொட்டலம் இருந்தது. அதை அவிழ்த்து, பரமசிவன் பாத்திரக் கடையின் பலகைமேல் வைத்தார். முழங்கை உயரத்துக்கு ஒரு கோப்பை. இரண்டு பக்கமும் காது. வெயில் பட்டுக் கடையின் கூரையில் வெளிச்சம் ஆடியது.

கோமதிநாயகம் அப்போதுதான் நிமிர்ந்தார். கோப்பையை எடுத்து எடை பார்த்தார், நகத்தால் சுண்டிக் கேட்டார், அடியைத் திருப்பி மோந்தும் பார்த்தார்.

“பித்தளை. மேல வெள்ளி முலாம்.”

“அத ஊருக்குச் சொல்லாதேயும்.”

முதல் தேர்தல் முடிந்த வருஷம் அது. ஆடித் தபசுத் திருவிழா முடிந்து கூட்டம் கலைவதற்குள் ஒரு குத்துச்சண்டை நடத்தி விடவேண்டும் என்று கழகத்தார் முடிவு செய்திருந்தார்கள். இந்தப் பக்கத்தில் மல்யுத்தம் தெரியும், சிலம்பம் தெரியும். கையில் தலையணை மாதிரி உறை மாட்டிக்கொண்டு குத்திக்கொள்வதைப் பார்த்தவர்கள் குறைவு. அதனாலேயே பேச்சு அதிகம். ஒருவன் ஜெயசிங், பாளையங்கோட்டைக்காரன். உயரம், நல்ல நிறம். பன்னிரண்டு சண்டை போட்டுப் பன்னிரண்டும் ஜெயித்தவன். இன்னொருவன் தங்கப்பழம், ராயகிரிக்காரன். பட்டாளத்தில் ஐந்து வருஷம் இருந்து அங்கே கற்றுக்கொண்டு வந்தவன். குட்டை, கழுத்து இருக்கும் இடம் தெரியாது. ஒன்பது சண்டையில் ஏழு ஜெயித்திருந்தான். இரண்டு பேருக்கும் இருபத்தைந்து ஆகவில்லை. இதில் ஜெயிக்கிறவன் சென்னைக்குப் போவான் என்று பேசிக்கொண்டார்கள்.

“வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குச் சண்டை,” என்றார் துரைப்பாண்டி. “கப்பு கொடுக்கது ராஜபாளையம் பஞ்சாலை மேனேஜர் ஆறுமுகச்சாமி. அவரு ஒரு நிபந்தனை போட்டிருக்காரு. ஜெயிச்சவன் பேரு கப்புல இருக்கணும். இருந்தாத்தான் மேடையில கொடுப்பேங்காரு.”

“மறுநா வெட்டிக் கொடுத்தா என்னவாம்?”

“அதைத்தான் நானும் கேட்டேன். போன வருஷம் வேற ஒரு ஊர்ல கால்பந்துக்கு ஒரு கப்பு கொடுத்தாராம். பேரு வெட்டாத கப்பு. ஆறு மாசம் கழிச்சு அந்த ஊர்க் கமிட்டித் தலைவர் வீட்டுக்கு விருந்துக்குப் போனா, அவரு வெத்தலை போட்டுட்டு அதுலதான் துப்புதாராம். மனுசன் நொந்துட்டாரு. பேரு இல்லேன்னா கப்பைத் திரும்ப ரயில்ல கொண்டு போயிருவேன்னு சொல்லுதாரு.”

“அவருக்கு எத்தனை மணிக்கு வண்டி?”

“ஆறு மணிக்கு. அஞ்சே முக்காலுக்கு அவரைக் களத்துல இருந்து கிளப்பியாகணும்.”

கோமதிநாயகம் கணக்குப் போட்டார். மூன்று நிமிஷம் வீதம் ஆறு ரவுண்டு, நடுவில் ஒவ்வொரு நிமிஷம் ஓய்வு. ஐந்தரையை ஒட்டித்தான் முடியும். முடிந்தபின் மீதி இருப்பது கால் மணி நேரம். வளைந்த கோப்பையில், முலாம் உரியாமல், ஒரு பெயர் வெட்ட அரை மணியாவது வேண்டும்.

“நேரம் காணாது.”

“காணாதுன்னு தெரிஞ்சுதானே உம்மகிட்ட வந்தேன். இன்னைக்கே ஜெயசிங் பேரை வெட்டிரும். ஊரே சொல்லுது அவன்தான்னு.”

“ஊரு சொன்னது பிசகுனா?”

“தட்டி அழிச்சுட்டு மத்தவன் பேரைப் போடும்.”

கோமதிநாயகம் கோப்பையைப் பலகையில் வைத்து, துரைப்பாண்டி பக்கம் நகர்த்தினார்.

“அது மட்டும் இந்தக் கையால நடக்காது.”

அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. இந்தத் தொழிலை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பத்து வயதில் இதே கடையில் புளி போட்டுப் பாத்திரம் தேய்க்க வந்தவர். செவ்வாய்க்கிழமை தோறும் தென்காசியிலிருந்து ஒருவர் வந்து பெயர் வெட்டிவிட்டுப் போவார். அவர் கையை ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்து, தட்டி நிமிர்த்திய எண்ணெய் டின் தகட்டில் ஆணியால் அடித்துப் பழகினார். பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு சரி. மீதி எழுத்தையெல்லாம் குடத்திலும் செம்பிலும் படித்தவர். தென்காசிக்காரர் ஒருநாள் காய்ச்சலில் வராமல் போக, கல்யாண வீட்டார் அவசரப்பட, பன்னிரண்டு தாம்பாளத்தில் பெயர் விழுந்தது. அன்றுமுதல் சங்கரன்கோவிலில் பெயர் வெட்ட வெளியூர் ஆள் தேவைப்படவில்லை.

வெட்டிய பெயரை அழிப்பதில்லை என்பது அவர் தானாக வைத்துக்கொண்ட கட்டு. பெயர் அழித்த பாத்திரம் களவுப் பாத்திரம். இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஒருமுறை ஒருவன் இருட்டு முகத்தோடு வந்து ஒரு குடத்தில் இருந்த பெயரைத் தட்டித் தரச் சொல்லி, கேட்ட கூலிக்கு மூன்று மடங்கு தருவதாகச் சொன்னான். கோமதிநாயகம் குடத்தைத் தடவிப் பார்த்து, “இது மேலத்தெரு பூமாரி கல்யாணத்துக்கு நான் வெட்டினது. நீ யாருடே?” என்றார். அவன் குடத்தை விட்டுவிட்டே ஓடிவிட்டான். முலாம் பூசிய கோப்பையில் அழிப்பது அதைவிடக் கேவலம். தட்டிய இடத்தில் வெள்ளி போய்ப் பித்தளை பல்லிளிக்கும். ஊர் முழுவதும் பார்க்க மேடையில் அப்படி ஒன்று நின்றால், பிறகு எவன் அவர் முன்னால் குடத்தை நீட்டுவான்?

துரைப்பாண்டிக்கு முகம் தொங்கிவிட்டது. பார்க்கப் பாவமாக இருந்தது. கோப்பை திரும்ப ரயில் ஏறினால் கழகம் ஊர்வாயில் விழும்.

“ஒண்ணு செய்யுதேன்,” என்றார் கோமதிநாயகம். “கட்டையும் உளியும் எடுத்துட்டுச் சண்டை நடக்க இடத்துக்கே வாரேன். பாத்துக்கிட்டே இருப்பேன். யாருன்னு தெரிஞ்ச நிமிஷம் வெட்ட ஆரம்பிப்பேன்.”

“எப்பத் தெரியும்?”

“ரெண்டாவது ரவுண்டு முடியதுக்குள்ள தெரிஞ்சாகணும். அதுக்கு மேல போனா நேரம் பத்தாது.”

“தெரியலேன்னா?”

“கப்பு ராஜபாளையம் போகும். தப்பாத் தெரிஞ்சா நான் போவேன்.”

*

மறுநாளிலிருந்து அவர் இரண்டு பேரையும் பார்க்கப் போனார். ஜெயசிங் அரிசி ஆலைக்குப் பின்னால் பயிற்சி செய்தான். உமி அடைத்த சாக்கு ஒன்று உத்தரத்தில் தொங்கியது. அவன் அதைச் சுற்றி வந்து குத்தும்போது கால் தரையில் படுகிறதா என்றே தெரியவில்லை. வலது கை வருவது கண்ணுக்குப் படுவதில்லை. சாக்கு எகிறுவதுதான் தெரியும். சும்மா வேடிக்கை பார்க்க வந்த வண்டிக்காரர்கள் ‘ச்’ கொட்டினார்கள்.

தங்கப்பழம் சந்தைத் திடலில் வேப்பமரத்தில் மணல்சாக்கு கட்டியிருந்தான். பார்க்க அவ்வளவு அழகாக இல்லை. மாவு இடிப்பது போல நின்ற இடத்தில் நின்று குத்தினான். ஆனால் அவன் போனபின் கோமதிநாயகம் அந்தச் சாக்கைத் தடவிப் பார்த்தார். நெஞ்சுக்குக் கீழே, ஒரே இடத்தில், ஒரு சட்டி வைக்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. வேறெங்கும் ஒரு தடம்கூட இல்லை. அதை அவர் மனசில் வாங்கிக்கொண்டார்.

ஆனாலும் நியாயம் நியாயம்தான். வீட்டுக்கு வந்து, “இப்பப் பாத்தா ஜெயசிங்தான் தெரியுதான்,” என்றார்.

“அதை ஊரே சொல்லுது. இதைச் சொல்லவா ரெண்டு நாளு வேலைய விட்டுட்டு அலைஞ்சிய?” என்றாள் செண்பகவல்லி.

அவள் அவருடைய மனைவி. இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்து, அவர்களோடு அத்தனை பாத்திரங்களையும் அனுப்பிவிட்டு, இரண்டு குடத்தோடும் ஒரு குறையோடும் இருந்தவள். குறை என்னவென்றால், ஊரில் எல்லார் வீட்டுக் குடத்திலும் பெயர் வெட்டுகிற மனுஷன், சொந்த மனைவியின் குடத்தில் ஒரு புள்ளி வைத்ததில்லை. மழை பொய்த்து மூன்று வருஷம். குழாயடியில் விடியற்காலையிலேயே குடங்கள் வரிசைக்கு நிற்கும். பெயர் இல்லாத குடம் இவள் குடம் ஒன்றுதான்.

“அது வசதிதானே?” என்பார் அவர். “பேரு இல்லாத குடம்னா ஒன்னோடதுன்னு ஊருக்கே தெரியும்.”

அன்று சாயங்காலம் அவர் துரைப்பாண்டியின் சட்டைப்பைக் கடிகாரத்தை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். சுவரில் ஒரு ஆணி அடித்து அதை மாட்டினார். பிறகு உள்ளே போய்ச் செண்பகவல்லியின் குடத்தை எடுத்துவந்து, தண்ணீரை அண்டாவில் கவிழ்த்தார்.

“என்ன பண்ணுதிய?”

“அவசரமா வெட்டினா ஒரு பேருக்கு எத்தனை நிமிஷம் ஆகும்னு பாக்கணும். ஒம்பேரு அவனுவள்ல பெரிய பேரு அளவுக்கு இருக்கு.”

அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். “இருபத்தஞ்சு வருஷமாக் கேக்கேன். இப்ப எவனோ ரெண்டு தடியனுவ குத்திக்கிடதுக்காக எம்பேரு விழுதாக்கும்?”

“விழுதா இல்லையா? பேசாம மணியப் பாரு.”

வேகமாக வெட்டுவது அவருக்குப் பழக்கமில்லை. மூன்று எழுத்து நன்றாக வந்தது. நான்காவதில் உளி வழுக்கிச் சுத்தியல் குடத்தின் வாய்விளிம்பில் முழுவேகத்தில் இறங்கியது. கையில் காயம் ஒன்றும் இல்லை. ஆனால் சுண்டுவிரலிலிருந்து முழங்கைவரை ஒரு மின்னல் ஏறி, விரல்கள் மரத்துப் போயின. சுத்தியலைப் பிடித்துத்தான் இருந்தார், பிடித்திருப்பதே தெரியவில்லை. அறியாமல் உள்ளங்கையைத் தொடையில் இரண்டு தரம் தேய்த்துக்கொண்டார்.

“அடிபட்டுட்டா?”

“இல்ல.”

“பொறவு ஏன் தொடையத் தேய்க்கிய? கையி செத்துப் போச்சுன்னா இப்படித்தானே தேய்ப்பிய.”

“ஏட்டி, இதையெல்லாமா பாத்து வச்சிருக்க?”

“வேற என்ன இருக்கு பாக்க?”

அதற்குமேல் ஒரு புள்ளியும் விழவில்லை. அப்படித்தான் ஆகும், அடித்த வேகம் திரும்பி அடித்த கைக்கே வந்துவிட்டால், வெளியே பார்க்க முழுக்கையாக இருக்கும், உள்ளே விறகுக் கட்டை. மறுநாள் காலையில்தான் மீதியை முடித்தார். இரண்டு வேளையும் கூட்டினால் இருபத்தாறு நிமிஷம். கோப்பைக்கு இன்னும் நாலு சேர்த்துக்கொள்ளலாம். செண்பகவல்லி குடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூன்று எழுத்து ஒரு நாள், மீதி ஒரு நாள் என்று வெட்டியவருக்கு மட்டும்தான் தெரியும். அன்று அவள் பக்கத்துக் குழாய் கூட்டமாக இருக்கிறது என்று சொல்லி, இரண்டு தெரு தள்ளிப் போய்த் தண்ணீர் எடுத்து வந்தாள்.

கோமதிநாயகம் அதோடு நிற்கவில்லை. புளியங்கட்டையைக் கோப்பையின் உட்குழிவுக்குச் சரியாகச் செதுக்கி, துணி சுற்றி, கோப்பை அசையாதபடி உள்ளே இறுக்கினார். எண்ணெய் டின் தகட்டில் இரண்டு பெயரையும் மாற்றி மாற்றி வெட்டிப் பார்த்தார். கோப்பையின் ஒரு பக்கத்தில் மேனேஜர் பெயரை வெட்டி முடித்தார். இந்த ஊர்ப் பழக்கத்தில் மொய்யாகத் தரும் பாத்திரத்தில் கொடுக்கிறவர் பெயர்தான் ஏறும், வாங்குகிறவர் பெயர் ஏறாது. ஆகையால் அந்த வேலையில் அவருக்குக் கண் மூடிக்கொண்டாலும் கை ஓடியது. மறுபக்கத்தில், வெள்ளிக்கிழமை காலை, மை தொட்டு ஜெயசிங் பெயரைக் கோடாக வரைந்து வைத்தார். மைக்கோடு இல்லாமல் அவர் இதுவரை ஒரு எழுத்தும் வெட்டியதில்லை.

*

அரிசி ஆலையின் நெல் காயப்போடும் சிமெண்டுக் களத்தில் மேடை போட்டிருந்தார்கள். நான்கு கம்பம், துணி சுற்றிய கயிறு. மணிக்குப் பதிலாக ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. ஆண்கள் களத்தில், பெண்கள் ஆலையின் மொட்டை மாடியில். செண்பகவல்லி முன்வரிசையில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மேடையை ஒட்டிப் போட்ட முக்காலியில் கோமதிநாயகம் உட்கார்ந்து, கோப்பையைக் கட்டையோடு தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டார். பக்கத்தில் துரைப்பாண்டி கையில் கடிகாரத்தோடு. மேனேஜர் ஆறுமுகச்சாமி எதிர்ப்பக்கத்து நாற்காலியில், ரயில் டிக்கெட்டைச் சட்டைப்பையில் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சரியாக ஐந்து ஐந்துக்குத் தண்டவாளம் ஒலித்தது.

முதல் ரவுண்டு முழுக்க ஜெயசிங்தான். அவன் இடது கை தங்கப்பழத்தின் முகத்தில் போய்ப் போய் வந்தது. தங்கப்பழம் தோளைக் குறுக்கிக்கொண்டு வாங்கிக்கொண்டே இருந்தான்.

“ஆரம்பியும் வே,” என்றார் துரைப்பாண்டி.

“இன்னும் ஒரு ரவுண்டு இருக்கு.”

“உமக்கு என்ன, உளியும் சுத்தியலும் முகூர்த்தம் பாக்குதா?”

இரண்டாவது ரவுண்டில் தங்கப்பழம் கொஞ்சம் நெருங்கினான். நெஞ்சுக்குக் கீழே இரண்டு குத்து போட்டான். ஜெயசிங் பின்வாங்கி, ஒரு பக்கம் சாய்ந்து, வலது கையை வீசினான். தங்கப்பழம் தலையைக் குனித்தான். குத்து தாடையில் விழ வேண்டியது நெற்றி உச்சியில் விழுந்தது. தேங்காய் உடைத்த மாதிரி சத்தம். தங்கப்பழம் அப்படியே மடங்கிப் பலகையில் உட்கார்ந்து, பிறகு சாய்ந்துவிட்டான்.

களம் எழுந்துவிட்டது. தலைப்பாகைகள் பறந்தன. நடுவர் குனிந்து விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தார்.

எல்லாரும் விழுந்தவனைப் பார்த்தார்கள். கோமதிநாயகம் விழவைத்தவனைப் பார்த்தார். ஜெயசிங் சிரித்துக்கொண்டே மூலைக்கு நடந்தான். நடக்கும்போது வலது கையுறையைத் தொடையில் தேய்த்தான். ஒரு தரம். இன்னொரு தரம்.

கோமதிநாயகத்தின் தலை தானாக மாடிப்பக்கம் திரும்பியது. அங்கே செண்பகவல்லி, ஊரெல்லாம் கூச்சல் போட, அவரையே பார்த்துக்கொண்டு, உள்ளங்கையைத் தன் சேலைமேல் தேய்த்துக் காட்டினாள்.

அவர் தோளில் கிடந்த துண்டின் நுனியை வாயில் வைத்து ஈரப்படுத்திக் கோப்பையில் இருந்த மைக்கோட்டைத் துடைத்தார்.

“வே! என்னவே அழிக்கீரு?” துரைப்பாண்டி கத்தினார். “அவன் படுத்துக் கிடக்கான் வே! ஆறு எண்ணியாச்சு!”

“பத்து எண்ணலையே.”

“எந்திரிக்கலேன்னா?”

“மணல்சாக்கு குத்தினவன் எந்திரிப்பான். எந்திரிச்சாக் கப்பு அவனுக்கு. இவனுக்கு இனி ஒத்தக் கைதான்.”

“பைத்தியம் புடிச்சுட்டா உமக்கு? நல்லாத்தானே நிக்கான்!”

“அது நிக்கது. குத்தது வேற.”

எட்டு எண்ணும்போது தங்கப்பழம் ஒரு முழங்காலை ஊன்றினான். ஒன்பதில் எழுந்து நின்றான். கோமதிநாயகத்தின் உளி அதற்கு முன்பே முதல் புள்ளியை வைத்துவிட்டது. மைக்கோடு இல்லாத முதல் புள்ளி. வைத்த புள்ளியைத் திரும்ப எடுக்க முடியாது. தண்டவாளம் ஒலித்து ரவுண்டு முடிந்தபோது ‘த’வின் தலை வந்திருந்தது.

அதற்குப்பின் அவர் சண்டையைப் பார்க்கவில்லை. பார்த்தால் வெட்ட முடியாது. காது மட்டும் திறந்திருந்தது. வேகத்தை விட்டு, தன் வழக்கமான நடைக்கே கையை விட்டார். அவசரம் இருக்கும்போது நிதானம்தான் குறுக்குவழி என்று குடம் சொல்லிக் கொடுத்திருந்தது. டிக், டிக், டிக். அவருக்குப் பதிலாகத் துரைப்பாண்டி பார்த்தார். பார்த்ததை வைது வைது சொன்னார்.

“இடது கையாலயே குத்துதான்... பாரும், ஒம்ம ஆளுக்கு உதடு கிழிஞ்சுட்டு. ரத்தம் வே. என்னை ஊரைவிட்டுத் துரத்தப் போறானுவ.”

“வலது கை வந்துதா?”

“என்னது?”

“வலது கை. குத்துனானா?”

துரைப்பாண்டி கயிற்றுக்கு மேலே எட்டிப் பார்த்தார். “ஓங்குதான். குத்தலை.”

“சரி.”

நான்காவது ரவுண்டில், துரைப்பாண்டி சொல்லச் சொல்ல, கோமதிநாயகத்துக்கே சந்தேகம் வந்தது. ஒற்றைக் கையை வைத்துக்கொண்டே ஜெயசிங் அவ்வளவு சாமர்த்தியமாக ஆடினான். நெருங்க விடாமல் சுற்றிச் சுற்றி ஓடினான். கூட்டம் அவனுக்குத்தான் கத்தியது. ஒரு பெயரின் பாதி அவர் மடியில் இருந்தது. வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது. துடைக்கக் கை ஓயவில்லை. தப்பாக இருந்தால் இதுதான் கடைசிப் பெயர் என்று நினைத்தார். கடைசிப் பெயர் என்றாலும் சுழி உடையக்கூடாது என்றும் நினைத்தார்.

ஐந்தாவது ரவுண்டில் சத்தம் மாறியது. முகத்தில் விழும் குத்தின் சத்தம் ஒன்று. உடம்பில் விழுவது இன்னொன்று, ஈரத் துணியைக் கல்லில் அடிப்பது போல. இப்போது அந்த இரண்டாவது சத்தம்தான் கேட்டது. ஒரே இடத்திலிருந்து, ஒரே சீராக. சாக்கில் கண்ட பள்ளம் அவருக்கு ஞாபகம் வந்தது.

“கயித்துல சாத்திட்டான் வே!” துரைப்பாண்டி அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். “மாவு இடிக்க மாதிரி இடிக்கான்! ஏலே, விடாதே!”

“தோளை விடும். புள்ளி விலகும்.”

“ஓ... சரி, சரி.” துரைப்பாண்டி கையை எடுத்து அந்தத் தோளை லேசாகத் தட்டியும் கொடுத்தார். “நான் அப்பவே நினைச்சேன், ராயகிரிப் பய லேசுப்பட்டவன் இல்லைன்னு.”

ஆறாவது ரவுண்டு முடிந்து தண்டவாளம் நீளமாக ஒலித்தபோது இரண்டு பேரும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். மூன்று தீர்ப்பாளர்கள் சீட்டு எழுதினார்கள். மேனேஜர் எழுந்து தேகப்பயிற்சியின் நன்மைகளைப் பற்றிப் பேசினார், யாரும் கேட்கவில்லை. கோமதிநாயகத்துக்கு மட்டும் அந்தப் பேச்சு இனித்தது. இன்னும் இரண்டு எழுத்து பாக்கி. மேனேஜர் பேச்சு முடிந்து தண்ணீர் குடித்தபோது ஒரு எழுத்து. கடைசி எழுத்தின் மேல் கடைசிப் புள்ளியை வைத்து அவர் சுத்தியலைத் தரையில் போட்டபோது, துரைப்பாண்டியின் கடிகாரத்தில் ஐந்து நாற்பத்திரண்டு.

நடுவர் மூன்று சீட்டையும் பிரித்தார். ஒன்று ஜெயசிங்குக்கு. இரண்டு மற்றவனுக்கு. குட்டையான கை ஒன்று உயர்ந்தது. களம், தான் எப்போதும் அந்தப் பக்கம்தான் இருந்தது போல ஆரவாரம் செய்தது.

கோமதிநாயகம் கட்டையைக் கழற்றினார். கோப்பையை ஊதி, துண்டால் ஒற்றி, வெயில் பக்கம் சாய்த்துப் பார்த்தார். கோடு போட்டு வெட்டியது போலவே வரிசை நேராக நின்றது. ‘ங்’ மட்டும் ஒரு மயிரிழை பெரிதாகிவிட்டது. அது அவர் கண்ணுக்குத்தான் தெரியும். தெரிந்தது.

படியேறும்போது ஜெயசிங் எதிரே இறங்கி வந்தான். வலது கையை ஈரத்துணியில் சுற்றியிருந்தார்கள். கோப்பையில் இருந்த பெயரைப் பார்த்து நின்றுவிட்டான்.

“அண்ணாச்சி, இதை எப்ப வெட்டினிய?”

“நீ அவனை விழவச்சப்ப ஆரம்பிச்சேன், தம்பி.”

ஜெயசிங் விழித்தான். பிறகு தன் கையைப் பார்த்தான். வலியோடு சிரித்தும்விட்டான்.

“எங்க வாத்தியாருக்கே நாலாவது ரவுண்டுலதான் தெரிஞ்சுது.”

“எனக்கும் அந்தக் கையி இருக்கு. உப்புத் தண்ணியில வையி. மூணு நாள்ல விரல் திரும்பிரும்.”

மேலே மேனேஜர் ஆறுமுகச்சாமி கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். கோப்பையை வாங்கி முதலில் தன் பெயர் இருந்த பக்கத்தைப் படித்தார். திருப்பி மறுபக்கத்தையும் விரல் வைத்துப் படித்தார். கோமதிநாயகத்தை ஒருமுறை, கோப்பையை ஒருமுறை பார்த்தார். “இதுல எவனும் துப்ப மாட்டான்,” என்றார். குதிரை வண்டிக்காரன் கீழே குரல் கொடுத்தான். “நீங்களும் ஒரு காதைப் பிடிங்க,” என்று அவர் கோமதிநாயகத்தை அழைத்தார். இரண்டு பேருமாகக் கோப்பையை நீட்டினார்கள்.

தங்கப்பழம் கிழிந்த உதட்டோடு வந்தான். கையுறையின் கயிறு சிக்கிக்கொண்டு இன்னும் அவிழவில்லை.

“தம்பி, பேரு மேல பாத்துப் புடி,” என்றார் கோமதிநாயகம். “இப்ப வெட்டினது. பிசிறு கையக் கிழிக்கும்.”

“நான் கிளவுசு போட்டிருக்கேன் அண்ணாச்சி,” என்று சொல்லி, அவன் இரண்டு கையுறைகளுக்கும் நடுவில் கோப்பையை வாங்கிக்கொண்டான்.